கை மறைத்த இலை

தாமிரபரணிக் கரையில் இருக்கும் சிவபாக்கியம் அம்மையின் மடத்துக்கு உபதேசம் கேட்கப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். அங்கே உபதேசம் கிடையாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மத்தியானப் பந்தி உண்டு, வந்தவருக்கெல்லாம் சோறு உண்டு. கேள்வியோடு வருகிறவரை அம்மை ஒரு தரம் ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு ஒரு முறம் கீரையை அவர் முன்னால் நகர்த்துவார். ஆய்ந்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் கேள்வி மறந்துவிடும். மறக்காத மீதிப் பேருக்குத்தான் அவர் குரு.

அந்த மீதிப் பேரில் ஒருவன் நயினார். மின்சார வாரியத்தில் லைன்மேன். அம்மையைவிட ஐந்து வயது மூத்தவன். அவர் அவனை அண்ணாச்சி என்பார், அவன் அவரை அம்மை என்பான். நாலு வருஷமாகப் பௌர்ணமி தவறாமல் வந்துகொண்டிருந்தான்.

அந்த ஆவணிப் பௌர்ணமியன்று அவன் ஒரு கீரைத் தண்டை எடுத்து, இலைகளைக் கிள்ளித் தரையில் போட்டான். வெறும் தண்டை முறத்தில் போட்டான். அடுத்ததையும் அப்படியே செய்தான்.

"அண்ணாச்சி, மாட்டுக்கு எதை வைக்கச் சொல்லுதிய, மனுசனுக்கு எதை வைக்கச் சொல்லுதிய?" என்றார் அம்மை.

நயினார் குனிந்து பார்த்துவிட்டு, தரையில் கிடந்த இலைகளைப் பொறுக்கினான்.

"அம்மை, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பிள்ளையளை ஒழுங்கா சாப்பிட வைக்க என்ன வழி?"

நாலு வருஷமாக ஆத்மா எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்டு உயிரை எடுத்தவன் இவன். அம்மை காய் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தார். ஆத்மாவுக்குக்கூட அவர் அரிவாள்மனையைச் சாய்த்ததில்லை.

"சொல்லுங்க" என்றார்.

நயினார் சொன்னான். மனைவி மலர்க்கொடிக்கு மதுரையில் நர்ஸ் வேலை கிடைத்துச் சித்திரையிலேயே போய்விட்டாள். மாதத்துக்கு இரண்டு முறை வருவாள். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் யாழினிக்குப் பதினொரு வயது, இளையவள் மதிக்கு ஏழு. ஆடி மாதம் பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் மதியை எடை பார்த்துவிட்டு, வயதுக்குப் போதவில்லை என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு அன்றைக்கும் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. மடிப்பு கிழிகிற அளவுக்கு அதை எடுத்து எடுத்துப் பார்த்திருந்தான்.

"அட்டவணை போட்டுச் சுவத்துல ஒட்டியிருக்கேன் அம்மை. திங்கக்கிழமை கேப்பைப் புட்டு, செவ்வாய் முருங்கைக்கீரை அடை, புதன் பாசிப்பயறு. சாயங்காலம் சுண்டல், எள்ளுருண்டை. பாக்கெட் தீனி வாசப்படி ஏறாது. காலம்பற நாலரைக்கு எந்திரிக்கேன்."

"நல்ல காரியம்லா?"

"யாருக்கு நல்லது? மூத்தவ கடகடன்னு முழுங்கிட்டு எந்திரிச்சு ஓடிருதா. சின்னவ கீரையைக் கன்னத்துல ஒதுக்கி வச்சிருந்து கொய்யா மரத்து மூட்டுல போய்த் துப்புதா. நான் விடுவனா? முன்னாலயே உக்காந்து ஒவ்வொரு வாயா எண்ணுதேன். செவ்வாக்கிழமை ஒரு சத்தம் போட்டேன். அம்புட்டையும் வாந்தி எடுத்துட்டா."

"நீங்க எப்ப சாப்பிடுதிய?"

"அவளுவ மிச்சம் வச்சதை. அடுப்படியில நின்னுக்கிட்டே."

"பசி ருசி அறியாதும்பாங்க."

"எம் பிள்ளை பசியவும் அறியல, ருசியவும் அறியல. நேத்து தட்டை வச்சேன் அம்மை. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுதா, 'அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வாரியளா? நான் சாப்பிட்டுருதேன்'னு." நயினாரின் குரல் உடைந்தது. "கோவமா சொல்லல அம்மை. கெஞ்சிச் சொல்லுதா."

"என்ன செஞ்சிய?"

"வெளிய போய் நின்னேன்."

கொட்டுகிற மழையில் கம்பத்தில் ஏறுகிறவன், முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதான். பிள்ளை மெலிந்ததைவிட, பிள்ளைக்குத் தான் வேண்டாதவனாகப் போனதுதான் அவனை அதிகம் வதைத்தது.

அம்மை தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். அவன் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இன்னைக்குப் பந்தியில கீரை வாளியை நீங்க தூக்குங்க" என்றார்.

"நானா? நான் பரிமாறினதே இல்லையே."

"பெரிய வித்தையா அது? எல்லார்கிட்டயும் ஒரு கரண்டி வேணுமான்னு கேக்கணும். இலை மேல கை மறைச்சா நகர்ந்திரணும். அவ்வளவுதான்."

"மறைச்ச பொறவும் விழுந்துட்டா?"

"அது பரிமாறினவன் பங்கு. எத்தனை கரண்டி அப்படி விழுந்துச்சோ, அத்தனை கரண்டி அவன் சாப்பிடணும். இந்த மடத்து வழக்கம்."

நயினார் தலையாட்டினான். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தான்.

அன்றைக்கு அறுபது பேர் உட்கார்ந்தார்கள். கீரை நயினார் ஆய்ந்தது. கடைந்ததும் அவனேதான். பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு, மத்தைக் கைமாற்றாமல் கடைந்திருந்தான். முதல் நாலைந்து இலைகளில் ஒழுங்காகத்தான் பரிமாறினான். ஆறாவது இலையில் ஒல்லியான ஒரு மனிதர், கழுத்தெலும்பு தெரிய உட்கார்ந்திருந்தார். வாளியைக் கண்டதும் இலையின் மேல் கையை விரித்தார்.

நயினார் அந்தக் கழுத்தெலும்பைப் பார்த்தான்.

"கொஞ்சம் வச்சுக்கிடுங்க அண்ணே. உடம்புக்கு நல்லது."

"வேண்டாம்யா."

"ஒரே ஒரு கரண்டி."

விரல் இடுக்கு வழியாகக் கீரை இலையில் இறங்கியது. அந்த மனிதர் கையை உதறிவிட்டுக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு கையும் கரண்டியும் அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சி மறைத்தாள், இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டாமா என்று வைத்தான். ஒரு சின்னப் பெண் இரண்டு கையாலும் மறைத்தாள். இலையின் நுனி தெரிந்தது, அங்கே வைத்தான். பந்தி எழுந்தபோது அவனுக்கு மனசு நிறைந்திருந்தது. வாளி காலி.

அம்மை தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு" என்றார்.

"என்னது அம்மை?"

"உங்க பங்கு. உக்காருங்க."

நயினார் திரும்பி இலைகளைப் பார்த்தான். பதினோரு இலைகளில் கீரை வைத்தது வைத்தபடி இருந்தது. ஒல்லி மனிதரின் இலையில் அது மடித்த இலைக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னப் பெண் பாதிச் சோற்றோடு எழுந்து போயிருந்தாள்.

அவனுக்கு நல்ல பசி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அம்மை அவனுக்கு இலை போட்டார். சோறு வைக்கவில்லை. பானையில் மீதி இருந்த கீரையிலிருந்து ஒரு கரண்டி வைத்தார். வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் வாயையே பார்த்தார்.

நயினார் உருட்டி வாயில் போட்டான்.

"நல்லா மெல்லுங்க."

மென்றான்.

"முழுங்கிட்டியளா? ஒண்ணு."

இரண்டாவது கரண்டி விழுந்தது.

"உடம்புக்கு நல்லது அண்ணாச்சி. கம்பம் ஏறுத உடம்பு."

மூன்றாவதில் அவனுக்கு வியர்த்தது. தன் கையால் கடைந்த கீரைதான், உப்பும் காரமும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே இருந்த இரண்டு கண்களும் தொண்டையை அடைத்தன. நாலாவது கரண்டியைக் கன்னத்தில் ஒதுக்கினான். ஒதுக்கியதை அவனே உணர்ந்தபோது கூசிப்போனான்.

"வாயைத் திறங்க, பாப்போம்" என்றார் அம்மை.

அவன் திறக்கவில்லை. எப்படியோ விழுங்கினான். ஐந்தாவது கரண்டி இலைக்கு மேலே வந்தபோது, அவனை அறியாமல் அவன் இடது கை எழுந்து இலையை மறைத்தது.

கரண்டி அந்தரத்தில் அப்படியே நின்றது. அம்மை அதைப் பானைக்குள் போட்டு, பானையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மை, இன்னும் ஏழு இருக்கே?"

"கை மறைச்சிட்டியளே."

"வழக்கம்னு சொன்னிய."

"அதுக்கும் மூத்த வழக்கம் கை."

நயினார் தன் கையைப் பார்த்தான். அது இன்னும் இலையின் மேலேயே இருந்தது. மதியின் சின்னக் கை எத்தனை நாள் இப்படித் தட்டின் மேல் விரிந்திருக்கும், அதை எத்தனை நாள் தான் ஒதுக்கித் தள்ளியிருப்போம் என்று நினைத்தான்.

அம்மை சோறும் புளிக்குழம்பும் அப்பளமும் கொண்டுவந்தார். கீரைப் பானையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். தமக்கும் ஓர் இலை போட்டு, அவன் எதிரே அல்ல, பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் பக்கம் திரும்பவே இல்லை. மடத்துக் கொட்டிலில் கன்று போட்ட பசு பால் கறக்க விடாமல் உதைப்பதைப் பற்றிச் சொன்னார். போன வாரம் ஒரு ஓணான் டிரான்ஸ்பார்மருக்குள் புகுந்து ஊரையே இருட்டாக்கியதை நயினார் சொன்னான். அம்மைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"அந்தக் கீரையைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க அம்மை" என்றான் நயினார்.

அம்மை தள்ளினார். சோற்றைப் பிசைந்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது.

கை கழுவும்போது கேட்டான். "சின்னவ தினமும் இப்படிக் கை மறைச்சான்னா? எடைச் சீட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"நல்லதா சமைங்க. நேரத்துக்கு வைங்க. நீங்களும் உக்காருங்க."

"பொறவு?"

"பொறவு உங்க இலையைப் பாருங்க."

அன்று மாலை நயினார் மூன்று தட்டு வைத்தான். மதி மூன்றாவது தட்டைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"நீங்க வெளிய போகலையா அப்பா?"

"எனக்கும் பசிக்கும்லா?"

அவள் தன் தட்டைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டாள். அவன் கீரைக் கரண்டியை எடுத்ததும் கையால் மறைத்தாள். அவன் நகர்ந்துவிட்டான். அவள் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. இது ஏதோ புதுத் தந்திரம் என்று நினைத்திருக்க வேண்டும். நயினார் தன் சோற்றைப் பார்த்தபடி ஓணான் கதையைச் சொன்னான். யாழினி எழுந்து ஓட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மதி இரண்டு வாய் தயிர்ச்சோறு சாப்பிட்டாள். மூன்றாவது வாய் சாப்பிடு என்று நாக்கு நுனிவரை வந்ததை நயினார் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினான். அன்று அவன் நாலு செம்புத் தண்ணீர் குடித்தான்.

புரட்டாசிப் பௌர்ணமி வந்தது. நயினார் முறத்தின் முன்னால் உட்கார்ந்து இந்த முறை இலையை முறத்திலும் தண்டைத் தரையிலும் போட்டான். ஆனாலும் முகம் தெளியவில்லை. மனுஷனுக்குக் குறை சொல்ல ஒன்று வேண்டுமே.

"அட்டவணை எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"அடுப்படியில இருக்கு. தட்டுக்கிட்ட அதை வர விடுததில்ல."

"பிள்ளைய?"

"சின்னவ சோறு சாப்பிடுதா. முட்டை சாப்பிடுதா. சுண்டலை அக்காகிட்ட பிடுங்கித் திங்கா. எடைகூடக் கால் கிலோ ஏறியிருக்கு. ஆனா ஒரு மாசம் ஆச்சு அம்மை, இந்தக் கீரையை மட்டும் தொட மாட்டேங்கா. கரண்டியை எடுத்தாலே கை வந்துருது."

"வந்தா?"

"நகர்ந்துருதேன்."

அம்மை ஒரு தண்டை எடுத்து இலையைக் கிள்ளினார்.

"எங்க உக்காந்து மறைக்கா?"

"எங்க போக? எம் பக்கத்துலதான். முட்டியோட முட்டி இடிச்சுக்கிட்டு..."

நயினார் முறத்தைத் தன் பக்கம் இழுத்து, குனிந்தபடி கீரையை ஆய்ந்தான்.