கல்லின் மேல் வைத்த கேமரா

பைக்கில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு வீடியோ எடுக்கக் கற்றுத்தருகிறவள் மெகராஜ். போடிமெட்டில் டீக்கடைக்குப் பக்கத்து அறைதான் அவள் வகுப்பு. அன்றைக்கு வந்த ஒரே மாணவர் இன்னாசிமுத்து. அவளைவிட இருபது வயது மூத்தவர். வண்டியின் பின் சீட்டில் ஆள் உட்கார இடமில்லாமல் பைகளைக் கட்டியிருந்தார்.

"எவ்வளவு தூரம் போறீங்கண்ணே?"

"லடாக் வரைக்கும்."

"எப்ப திரும்புறீங்க?"

"அதை யோசிக்கல டீச்சர். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன்."

தீப்பெட்டி போலிருந்த கேமராவை நீட்டினார். "பின்னால உக்காந்து என் வீட்டுக்காரி ஃபிலோமிதான் போன்ல எடுப்பா. போன வருசம் போய்ச் சேர்ந்துட்டா. இனி நானே எடுத்துக்கணும்."

மெகராஜ் கேமராவை வாங்கினாள். லென்ஸைத் துடைத்தாள். மெமரி கார்டைப் போட்டாள். கேமராவை அவருடைய மார்புப் பட்டையில் மாட்டினாள்.

"கிளிக்னு கேட்டதும் நம்பிடாதீங்க. ஒருவாட்டி இழுத்துப் பாருங்க."

இழுத்துப் பார்த்தார். வண்டியில் உட்கார்ந்து குனிந்ததும் கேமரா பெட்ரோல் டேங்கைப் பார்த்தது. அவள் அதைச் சற்று மேலே நிமிர்த்திவிட்டு பட்டனை அழுத்தினாள். சிவப்பு விளக்கு மினுங்கியது.

ஒரு சுற்றுப் போய் வந்தார். எடுத்ததை இருவரும் அவள் போனில் பார்த்தார்கள். சாலை, மூடுபனி, ஹேண்டில்பாரில் இரண்டு கைகள்.

"எல்லாம் இருக்கு டீச்சர். நான்தான் இல்ல. தனியா போறவன் தன் படத்துல எப்படி வர்றது?"

மெகராஜ் கேமராவைக் கழற்றிச் சாலையோரக் கல்லின் மேல் வைத்தாள். ஆடாமல் இருக்க அடியில் ஒரு கல் சில்லைச் செருகினாள். பட்டனை அழுத்தினாள்.

"போங்க."

"எது வரைக்கும்?"

"கண்ணுக்கு மறையிற வரைக்கும்."

போனார். வளைவு தாண்டியதும் வண்டியை நிறுத்தினார். எதிரே சாலை மூணாறு பக்கமாக இறங்கிப் பனிக்குள் போயிற்று. அப்படியே போய்விடலாம் என்று தோன்றியது. 'எங்கே இருக்கீங்க' என்று கேட்டு அழைக்க யாருமில்லை. இன்ஜினை அணைத்தார். அணைத்த பிறகு ஒரு சத்தமும் இல்லை.

கல்லின் மேல் கேமரா ஓடிக்கொண்டிருக்கும். லாரிக் காற்றில் விழுந்துவிடலாம்.

வண்டியைத் திருப்பினார்.

கல்லருகே மெகராஜ் இல்லை, கடைக்குள் போயிருந்தாள். சிவப்பு விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. குனிந்து எடுத்தார்.

டீ ஆறிக்கொண்டிருக்க, படத்தைப் பார்த்தார்கள். பைகளும் முதுகும் சிறுத்துச் சிறுத்து வளைவில் மறைந்தன. அப்புறம் வெறும் சாலை. ஒரு நாய் குறுக்கே போயிற்று. பனி வந்தது, விலகியது. இவ்வளவு நேரமா அங்கே நின்றோம் என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. கடைசியில் ஹெட்லைட் தெரிந்தது. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி ஒரு முகம் நெருங்கி வந்து குனிந்தது. கண்கள் கலங்கிச் சிவந்திருந்தன. கை வந்து லென்ஸை மூடியது.

இன்னாசிமுத்து போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

"போறது மட்டும் போதும் டீச்சர். திரும்பி வர்றதை எப்படி வெட்டறதுன்னு சொல்லிக் குடுங்க."

"வெட்டிக்கலாம்ணே. ஆனா போறதுல உங்க முதுகுதான் இருக்கு. முகம், வர்றதுலதான் இருக்கு."