சும்மாட்டின் எடை

குன்றின் மேல் ஒரு குடில் இருந்தது. அதில் அஞ்சுகம் இருந்தார்.

குடிலுக்கு வருவதற்கு முன் பதினெட்டு வருடம் கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர். இப்போது வயது முப்பத்தேழு. கேள்வியோடு வருகிறவர்களுக்கு அவர் பெரும்பாலும் ஏதாவது வேலை கொடுப்பார். பலர் வேலையை முடித்துவிட்டுக் கேள்வியை மறந்து போய்விடுவார்கள். சிலர் மறுபடி வருவார்கள். அப்படி மறுபடி மறுபடி வந்து சீடரானவர்கள் மூன்று பேர்.

அவர்களில் வயதில் மூத்தவர் மாசிலாமணி. குருவைவிடப் பதின்மூன்று வயது பெரியவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணே என்பார். இருவருக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

மாசிலாமணிக்கு ஓர் அரிசி ஆலையில் எடை போடும் வேலை. மூட்டையைத் தராசில் ஏற்றுவார். முள் நின்றதும் சாக்கின் எடையைக் கழிப்பார். நெல்லின் எடையை மட்டும் எழுதுவார். இருபத்தாறு வருடமாக அதுதான் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஏறி வந்தபோது அஞ்சுகம் அடுப்படிச் சுவருக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தார். சுவர் இடுப்பு உயரம் எழும்பியிருந்தது.

“அம்மா, ஒரு கேள்வி.”

“நூலோட அந்த முனையைப் பிடிச்சுக்கிட்டே கேளுங்கண்ணே.”

பிடித்துக்கொண்டார்.

“கடன் இருக்கிறவன் தனக்குன்னு ஒரு ரூபா செலவு பண்ணலாமா?”

“என்ன கடன்?”

“வீட்டுக்குத் தளம் போட்ட கடன். போன வருஷம் மழையில ஓடு இறங்கிருச்சு இல்லையா, அதுக்கு. இன்னும் அறுபத்து மூணு தவணை பாக்கி.”

“தவணை தவறுச்சா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“சேமிப்பு ஏதாச்சும்?”

“சீட்டு ஒண்ணு போகுது. பொண்ணு படிப்புக்கு. அதுவும் தவறல.”

“அப்புறம் என்ன?”

மாசிலாமணி நூலைப் பார்த்தார்.

“புறா” என்றார்.

அவர் கொல்லையில் பதினான்கு புறாக்கள் வளர்த்தார். தீனிக்கு மாதம் அறுநூறு ரூபாய் ஆனது. கடன் வாங்கிய மாதமே தேநீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் பேருந்தை நிறுத்தினார். ஆலைக்கு நான்கு கிலோமீட்டர் நடந்தார். அதற்கடுத்த மாதம் முடிவெட்டும் கடைக்குப் போவதை நிறுத்தினார். மிச்சம் பிடித்ததையெல்லாம் தவணையோடு சேர்த்துக் கட்டினார். புறாக்களை மட்டும் நிறுத்த முடியவில்லை.

“முன்னெல்லாம் சாயங்காலம் கூண்டைத் திறந்து விட்டா, அதுங்க வட்டம் போடுறதைப் பார்த்துக்கிட்டே நிப்பேன். கழுத்து வலிக்கிறதுகூடத் தெரியாது. இப்ப மேல பார்க்கிறதே இல்லம்மா. தட்டுல எவ்வளவு கம்பு மிச்சம் இருக்குன்னு பார்க்கிறேன். போன வாரம் ஒரு பெட்டை ரெண்டாவது தடவையும் தீனிக்கு வந்துச்சு. கையை ஓங்கிட்டேன்.”

“அடிச்சீங்களா?”

“இல்ல. அது பறந்திருச்சு. மூணு நாள் என் கைக்கு வரல.”

மாசிலாமணி நூலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“இன்னிக்குச் சாயங்காலம் வியாபாரி வரேன்னிருக்கான். எல்லாத்தையும் கூண்டோட கொடுத்திடலாம்னு பார்க்கிறேன். கொடுத்திடட்டுமா?”

அஞ்சுகம் நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அடிவாரத்துல செங்கல் வந்து இறங்கியிருக்கு. பவுனு நிக்கிறா. நாலு நடை கொண்டாந்து போடுங்க.”

மாசிலாமணி இறங்கிப் போனார். மொத்தம் நூற்றுப்பத்துப் படிகள்.

பவுனு அஞ்சுகத்தோடு ஒரே சாரத்தில் வேலை பார்த்தவர். இப்போதும் சித்தாள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் குடிலுக்கு உதவ வருவார். மாசிலாமணியைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, முடியும் தாடியுமா? மேல இருக்கிற அம்மாவுக்குப் போட்டியா நீங்களும் சாமியாராகிட்டீங்களா?”

“முடி வெட்ட நூறு ரூபா கேக்கிறான்.”

“அடேயப்பா. அப்ப தலையில நூறு ரூபா வளருதுன்னு சொல்லுங்க.”

பவுனு ஒரு பலகையை எடுத்து ஆறு செங்கல்களை அடுக்கினார். மாசிலாமணியின் தோளில் இருந்த துண்டைக் காட்டினார்.

“தலையில பலகை அழுத்தாம சும்மாடு கட்டுங்க. தூக்கி விடுறேன்.”

மாசிலாமணி துண்டை எடுத்தார். கையில் வைத்துப் பார்த்தார். இருபத்தாறு வருடம் எடை பார்த்த கை அது.

“கால் கிலோ இருக்கும்.”

“இருக்கட்டுமே.”

“இதைச் சுமந்து என்ன ஆகப் போகுது? இதை வெச்சா சுவர் எழும்பும்? சாக்கு எடை மாதிரி இது கழிவு. இதுக்குப் பதிலா இன்னொரு செங்கல் வைங்க.”

பவுனு அவரை ஒரு கணம் பார்த்தார். துண்டை வாங்கிப் புங்கமரத்துக் கிளையில் போட்டார். ஏழாவது செங்கல்லை வைத்தார். தூக்கி விட்டார்.

முப்பதாவது படியில் உச்சந்தலை எரிந்தது. பலகையின் அடிப்பக்கம் ஒரே இடத்தில் அழுத்தியது. அறுபதாவது படியில் கழுத்து நடுங்கியது. பாறையோரம் பலகையை இறக்கி வைத்து மூன்று செங்கல்களை அங்கேயே எடுத்து வைத்தார். தொண்ணூறாவது படியில் மறுபடி இறக்கினார். படிகளை மட்டும் ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டே வந்தார்.

மேலே நான்கு செங்கல் வந்து சேர்ந்தது.

அஞ்சுகம் எண்ணிப் பார்த்தார். ஒரு சொம்பு மோர் கொடுத்தார். எங்கே மீதி என்று கேட்கவில்லை.

இரண்டாவது நடைக்கு இறங்கியதும் மாசிலாமணி நேராகப் புங்கமரத்துக்குப் போனார். துண்டை எடுத்தார். அது போதும் என்று தோன்றவில்லை. கீழே கிடந்த சணல் சாக்கு ஒன்றை மடித்து அதன் மேல் வைத்தார். பவுனு வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த பழைய சட்டையையும் கேட்டு வாங்கிச் சுற்றினார்.

“என்ன அண்ணாச்சி, தலைக்கு மெத்தை போடுறீங்க? படுக்கப் போறீங்களா, ஏறப் போறீங்களா?”

“நீங்க தூக்கி விடுங்க. என் தலை எனக்குத்தான் தெரியும்.”

“தெரிஞ்ச தலைதான். பார்த்தோமே.”

தூக்கி விட்டார். ஆறு செங்கல்.

இந்த முறை தலை எரியவில்லை. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதே தெரியவில்லை. பலகை தெப்பம் போல ஆடியது. ஒரு காலை எடுத்து வைத்தால் அது வலப்பக்கம் சாய்ந்தது. அடுத்த காலை வைத்தால் இடப்பக்கம். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டாவது படியில் எல்லாம் சரிந்து விழுந்தது. இரண்டு செங்கல்கள் உடைந்தன. ஒன்று கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

பவுனு ஓடி வந்தார். கால் தப்பியது என்று தெரிந்த பிறகுதான் சிரித்தார். சிரிக்கத் தொடங்கியதும் அவரால் நிறுத்த முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் மாசிலாமணியும் சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

“முதல்ல ஒண்ணுமே வேணாம்னீங்க. அப்புறம் சந்தையில இருக்கிற துணி மொத்தமும் வேணும்னீங்க. கொடுங்க இப்படி.”

பவுனு சாக்கைத் தூக்கி எறிந்தார். தன் சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். துண்டை மட்டும் எடுத்து நீளவாக்கில் முறுக்கினார். கையைச் சுற்றி இரண்டு சுற்று. நுனியை உள்ளே செருகினார். மேலே அழுத்திப் பார்த்தார்.

“ரெண்டு விரல் கனம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குனியுங்க.”

“தலையில பலகையை வெச்சிட்டு, வலிச்சா அப்ப இதைச் செருகிக்கலாமே?”

“செருகிப் பாருங்களேன். தலையில சுமையோட நிக்கிறவன் கை ரெண்டும் பலகையில இருக்கும். எந்தக் கையால செருகுவீங்க?”

மாசிலாமணி குனிந்தார்.

மூன்றாவது நடையில் அவர் எங்கும் நிற்கவில்லை. பாதி வழியில், காலையில் தான் விட்டுப் போன மூன்று செங்கல்களைக் கடந்தார். படிகளை எண்ண மறந்திருந்தார். வலப்பக்கப் பாறை இடுக்கிலிருந்து கிளிகள் கூட்டமாகப் புறப்பட்டு மரங்களுக்கு மேலே ஒரு வளைவு போட்டுவிட்டுத் திரும்பின. சுமையோடு நிமிர்ந்திருந்த கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் உயர்த்தி அவற்றைப் பார்த்தார்.

மேலே ஆறு செங்கல் வந்து சேர்ந்தது.

அஞ்சுகம் கைகொடுத்துப் பலகையை இறக்கினார்.

“பலகையில எத்தனை?”

“ஆறும்மா.”

“அதுல சும்மாடு சுமந்தது எத்தனை?”

“அது என்ன சுமக்கும்? எல்லாம் நான்தான் சுமந்தேன். சும்மாட்டையும் சேர்த்து.”

“அப்ப காலையில அதை விட்டுட்டு ஒரு செங்கல் கூடுதலா வெச்சதை மேல இருந்து பார்த்தேனே, அது?”

“பாதி வழியில கிடக்கு. இன்னும் ரெண்டோட.”

அஞ்சுகம் செங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கத் தொடங்கினார். மாசிலாமணி தலையிலிருந்து சும்மாட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வியர்வையில் நனைந்து அது கொஞ்சம் கனத்திருந்தது.

“அம்மா, எனக்குப் புரியுது. ஆனாலும் ஒண்ணு கேக்கிறேன். அறுபத்து மூணு மாசம்தானே? எல்லாத்தையும் இப்பக் கொடுத்துட்டு, கடன் முடிஞ்சதும் நிம்மதியா வாங்கி வளர்த்துக்கிட்டா என்ன?”

அஞ்சுகம் நிமிர்ந்தார். அவர் கையிலிருந்த சும்மாட்டை வாங்கினார். அவருடைய வெறும் தலையில் வைத்தார்.

“நடங்க.”

மாசிலாமணி நடந்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

“எப்படி இருக்கு?”

“தலையில துண்டு இருக்கு. அவ்வளவுதான்.”

“சுமையை இறக்கின அன்னிக்கு அது அவ்வளவுதான் அண்ணே.”

மாசிலாமணி தலையில் சும்மாட்டோடு அப்படியே நின்றார். சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. புறா வியாபாரி.

“அண்ணே, சாயங்காலத்துக்கு வண்டி சொல்லிட்டேன். பதினாலும் இருக்குல்ல? கூண்டோடதானே?”

மாசிலாமணி குருவைப் பார்த்தார். அஞ்சுகம் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். மாசிலாமணி கையை உயர்த்திச் சும்மாட்டைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு விரல் வைத்து அதன் கனத்தை அளந்தார்.

“பத்துதான்.”

“பதினாலுன்னீங்களே?”

“பத்து கொடுக்கிறேன். நாலு கொடுக்கிறதா இல்ல. கூண்டும் கொடுக்கிறதா இல்ல.”

“என்னண்ணே, காலையில ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு?”

“காலையில தலையில துண்டு இல்லப்பா.”

வியாபாரியின் குரல் தணிந்தது.

“வெயில்ல எங்கயாச்சும் நிக்கிறீங்களாண்ணே? நிழல்ல உக்காருங்க. நான் வந்துடறேன்.”

அஞ்சுகம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

மாசிலாமணி நான்காவது நடைக்கு இறங்கினார். பவுனு சொல்லாமலே அவரே துண்டை முறுக்கினார். இரண்டு சுற்று சுற்றினார். அழுத்திப் பார்த்தார். பவுனு ஒரு விரலால் குத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இப்ப சித்தாள் வேலைக்கே கூப்பிடலாம் உங்களை. தாடியை மட்டும் எடுத்துட்டு வாங்க. கொத்தனார் பயந்துருவார்.”

“வர சனிக்கிழமை எடுத்திடறேன்.”

“நூறு ரூபாயா?”

“ஆமா. அறுபது ரூபாய்க்கு ஒருத்தன் வெட்டுறான். அவன் காதையும் சேர்த்து வெட்டிருவான்.”

மூன்று செங்கல்களோடு புறப்பட்டார். பாதி வழியில் பலகையைப் பாறை மேல் இறக்கி, அங்கே கிடந்த மூன்றையும் சேர்த்து அடுக்கினார். கீழ்ப்படியில் நின்று, பாறை மேலிருந்த பலகையைத் தானே தலைக்கு வாங்கிக்கொண்டார். பிற்பகல் வெயில் படிகளில் சாய்வாக விழுந்திருந்தது. கிளிகள் திரும்பி வந்துகொண்டிருந்தன.

உச்சிக்கு வந்ததும், பலகையை இறக்குவதற்கு முன்பே, அவர் மனதில் பழையபடி ஒரு கணக்கு ஓடியது.

“அம்மா, நாலு புறாவுக்கும் மாசம் நூத்தி எழுபது ரூபா ஆகும்.”

“ஆகட்டும்.”

“தவணை, சீட்டு ரெண்டையும் கட்டிட்டுத்தான். அதுல கை வைக்க மாட்டேன்.”

“சரி.”

“அப்படி எடுத்து வெச்ச பிறகும், தீனி போடும்போது மனசு உறுத்துச்சுன்னா?”

அஞ்சுகம் எட்டிப் பலகையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை மாசிலாமணி பிடித்தார். இருவருமாக அதைச் சுவரோரம் இறக்கி வைத்தார்கள். ஆறு செங்கல். ஒன்றும் உடையவில்லை.

“இப்ப ஏறி வந்தீங்களே. வழியில சும்மாட்டை எத்தனை தடவை நினைச்சீங்க?”

மாசிலாமணி யோசித்தார். கிளிகள் நினைவுக்கு வந்தன. படியில் விழுந்த வெயில் நினைவுக்கு வந்தது. பவுனு சொன்னது நினைவுக்கு வந்தது.

“நினைக்கவே இல்லம்மா.”

“அப்ப சரியாக் கட்டியிருக்கீங்க அண்ணே.”