தோத்தவளுக்கு எதுக்குக்கா கோப்பை?

"தோத்தவளுக்கு எதுக்குக்கா கோப்பை? நீங்களே சொல்லுங்க."

கேட்டது பேச்சியம்மாள். கபடி இறுதி ஆட்டத்தில் இரண்டே புள்ளியில் ஜெயித்த அணியின் கேப்டன். தலையெல்லாம் மண். ஜெயித்தவள் முகம் இப்படியா இருக்கும்? எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அவள் கேட்டது ஜெபக்கனி அக்காவிடம். அந்த அணிக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள்தான். வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் நமக்கு உயிர் போய்விடும்.

அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. தொடரின் சிறந்த ஆட்டக்காரி யார் என்று கமிட்டி வாய் திறக்காது. ஜெயித்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் மேடையேறிப் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் வந்தவளுக்குக் கோப்பை, மாநில முகாமில் நேராக இடம். பேச்சிக்கு இந்த வருஷம் விட்டால் வயசு தாண்டிவிடும்.

கூட்டமோ, "மாடத்தி! மாடத்தி!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

மாடத்தி தோற்ற அணிக்காரி.

"சனங்களுக்கு என்னக்கா, வாயிருக்கு, கத்துது. புள்ளிய யாரு கூட எடுத்தா? நாமதான. கடைசியில அவளப் பிடிச்சது யாரு? நான்தான. பெறவு என்ன?"

ஜெபக்கனி, பேச்சியின் முழங்கால் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசுங்கக்கா. கல்லு மாதிரி இருக்காதீங்க."

"ஏ மாடத்தி!" என்று ஜெபக்கனி திடீரெனக் கத்தினாள்.

"என்னக்கா?" என்றாள் பேச்சி.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். ஒரு மாசமாக அந்த அணி வேறு எதையும் பழகவில்லை. மாடத்தியை எப்படிப் பிடிப்பது, அது ஒன்றுதான் பாடம். தினமும் பேச்சி மாடத்தி மாதிரி 'கபடி கபடி' என்று பாடி வருவாள், மற்றவர்கள் பிடிப்பார்கள். களத்தில் அவளை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கடைசியில் சாப்பிடக் கூப்பிடுவதும் அந்தப் பெயரில்தான் என்று ஆகிப்போனது.

ஜெபக்கனி சிரிக்கவில்லை. கட்டைச் சுருட்டிப் பையில் வைத்தாள்.

பேச்சி விடுகிற ஆளா?

"அது பழக்க தோசம். அதுக்காகக் கோப்பையத் தூக்கிக் குடுத்துருவீயளா? பிடிச்சேன்லா?"

"பிடிச்ச. எப்படிப் பிடிச்ச?"

"நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீய."

"நான் வெளிய நின்னேன். நீ சொல்லு."

பேச்சிக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து நின்று கையைக் காலை ஆட்டிச் சொன்னாள்.

"கடைசிப் பாட்டு. அவளுக்கு ரெண்டு புள்ளி வேணும். வாரா. கிருட்டுனு திரும்பி ரெண்டு பேரத் தொட்டுட்டா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. போற போக்குல கணுக்காலப் பிடிச்சேன். பிடிச்சா நிக்காளா? என்னையும் சேத்து இழுத்துட்டுப் போறா. நாலு பேரு மேல விழுந்தோம். அப்பவும் நகருதா. கைய நீட்டுதா. கோட்டுக்கு ஒரு சாண்தான் இருக்கு. நாங்க நாலு பேரு மேல கெடக்கோம், கீழயிருந்து…"

நிறுத்தினாள்.

"கீழயிருந்து?"

"பாட்டு கேக்குது, அக்கா. கபடி கபடின்னு. மண்ணுக்குள்ளயிருந்து வார மாதிரி. மூச்சு விடவே இல்ல. யம்மாடி! என் காதுகிட்ட கேக்குது. இப்பவும் கேக்குது."

அவள் கை மயிர் சிலிர்த்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மெல்லக் கேட்டாள்.

"அக்கா, நாம பழக நான் அவளா நின்னேன். அவ பழகுறதுக்கு யாரு நின்னிருப்பா?"

"எனக்கு எப்படித் தெரியும்? போய்க் கேளு."

மைதானத்தின் அந்தப் பக்கம் தோற்ற அணி உட்கார்ந்திருந்தது. மாடத்தி தோளில் ஐஸ் கட்டி வைத்திருந்தாள். பேச்சி போய் எதிரில் குத்தவைத்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"எங்க டீமா?" மாடத்தி சிரித்தாள். "எல்லாவளும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவளுவ. ஆட்டத்தன்னைக்குத்தான் ஒண்ணாச் சேருவோம். இதுல எங்க பழக?"

"அப்போ?"

"வீட்டுக்குப் பின்னால ஏழு செங்கல்ல நட்டு வச்சிருக்கேன். அதுக கூடத்தான் தினமும் மல்லுக்கட்டு."

"செங்கல்லு கூடவா?"

"ஆமா. ஒவ்வொண்ணுக்கும் பேரு உண்டு. நடுச்செங்கல்லு நீதான்."

"நானா?" என்று பேச்சி தன் நெஞ்சில் கை வைத்தாள்.

"என்ன ஒண்ணு," என்றாள் மாடத்தி, "செங்கல்லு நகராதுல்லா. இன்னைக்கு நீ நகந்துட்ட."

சொல்லிவிட்டுப் பேச்சியின் முழங்காலைப் பார்த்தாள். "வீங்கியிருக்கே. இந்தா, ஐஸை நீ வையி."

பேச்சி வாங்கிக்கொள்ளவில்லை. எழுந்து மேடைப் பக்கம் நடந்தாள். நடக்கிறவளுக்குக் கண் கலங்கியிருந்தது. கோபமா, வேறு ஏதாவதா, யார் கண்டது?

மேடையில் ஜெபக்கனி நின்றாள். மைக் பிடித்திருந்தவருக்குப் பொறுமை போய்விட்டது.

"பேரச் சொல்லுங்கம்மா. சனம் வீட்டுக்குப் போக வேண்டாமா?"

ஜெபக்கனி குனிந்து பேச்சியைப் பார்த்தாள்.

"யாரு பேரட்டி சொல்ல?"

"வயிறு எரியுதுக்கா," என்றாள் பேச்சி. "முகாமுக்குப் போகணும்னு எத்தன வருசமா கெடந்தேன். இப்பவும் எரியுது."

"எரியட்டும். பேரு?"

பேச்சி மேடையேறினாள். மைக்கைக் கேட்டு வாங்கினாள். கூட்டம் அடங்கிப்போனது.

தன் அணியின் மற்ற ஆறு பேரும் நாற்காலியில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தாள்.

"ஏட்டி, எந்திரிங்க," என்றாள். "எல்லாரும் எந்திரிங்க. மாடத்தி வாரா."