அம்புக்குறி இல்லாத கோடுகள்

கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இந்தப் புதிரை அவிழ்க்க நீங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அமுதவல்லிக்குக் கிடைத்தது இருபது நிமிடம்தான்.

அவள் ஓர் ஒன்றிய அலுவலகத்தில் கணினி வேலை பார்ப்பவள். வட்டாரத்துக் கண்மாய்களுக்காக ஒரு மென்பொருள் எழுதியிருந்தாள். ஒவ்வொரு கண்மாயும் அதில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் போக வழி இருந்தால் ஒரு கோடு. ஒரு கண்மாய் கெட்டால், கோடு பிடித்துப் போய் அடுத்துக் கெடக்கூடியவற்றை அது சிவப்பாகக் காட்டும். அலுவலகப் பதிவேட்டில் ‘இணைப்பு உண்டா, இல்லையா’ என்றுதான் இருந்தது. எங்கிருந்து எங்கே என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எல்லாக் கோட்டிலும் இரண்டு பக்கமும் போகலாம் என்றே எழுதிவிட்டாள்.

ஒரு நாள் மாலை மூன்று நாற்பதுக்கு ஜீப் டிரைவர் காத்தமுத்து ஓடி வந்தார். பூச்சிமருந்து லாரி மாவிலிக் கண்மாய்க்குள் கவிழ்ந்துவிட்டது, கலுங்கு மேலே ஜீப்பை ஓட்டிக் குறுக்கு வழியில் வந்தேன், டயர்கூட நனையவில்லை என்றார். கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகிற இடம்.

அமுதவல்லி, பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியில் மாவிலிப் புள்ளியைத் தொட்டாள். கொன்றையேந்தல், நெடுவயல், வேலாங்குடி மூன்றும் சிவந்தன. மூன்றும் கண்மாய்த் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றிக் குடிக்கிற ஊர்கள். நாலு மணிக்கு மும்முனை மின்சாரம் வரும். மோட்டார் சுவிட்சைப் போட்டபடியே விட்டுவிட்டு ஆபரேட்டர்கள் வீட்டுக்குப் போய்விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கரண்ட் வந்ததும் ஸ்டார்ட்டர் தானாக ஓடவிடும். மதியத்திலிருந்து கரண்ட் இல்லாததால் செல்போன் கோபுரமும் செத்துக் கிடந்தது. ஊர்கள் மூன்று திசையில், ஜீப் ஒன்றுதான். நாலு மணிக்குள் ஓர் ஊருக்குத்தான் போக முடியும்.

கொன்றையேந்தல் மேட்டுக் கண்மாய். அது நிறைந்து வழிந்தால் மாவிலிக்கு வரும். மாவிலி நிறைந்தால் கலுங்கு வழியாக நெடுவயலுக்குப் போகும். வேலாங்குடிக் கண்மாயோ ஒரு காலத்தில் மாவிலியின் பாதி. நடுவே தார்ச்சாலை போட்டு இரண்டாக்கிவிட்டு, சாலைக்கு அடியில் நாலு பெரிய குழாய் பதித்திருந்தார்கள்.

பொறியாளர் ஞானதிரவியம் கொன்றையேந்தலுக்குப் போகச் சொன்னார். அங்கே இரண்டாயிரம் வீடு, திரையிலும் அதுதான் முதலில் சிவந்தது என்றார். நெடுவயலில் அமுதவல்லியின் அக்கா இருக்கிறாள்.

“அக்கா பிள்ளை பெத்து ஒம்பது நாள்தான் சார் ஆச்சு. பள்ளத்துக்குத்தானே தண்ணி போகும்?”

காத்தமுத்து வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். “வேலாங்குடிக்குப் போவோம் மேடம்.”

“ஏம்ப்பா, அறுவது வீட்டுக்காக ரெண்டாயிரம் வீட்ட விடச் சொல்றியா?”

“வீட்ட எண்ணாதீங்க சார். தண்ணியப் பாருங்க.”

மணி மூன்று நாற்பத்தாறு. பயம் மூன்று பேருக்கும் ஒன்றுதான், திசைதான் வேறு. சொல்லுங்கள், இதில் யார் சொன்னது சரி? ஜீப் எந்த ஊருக்குத் திரும்ப வேண்டும்?

விடை: காத்தமுத்து சொன்னதே சரி. கொன்றையேந்தல் கோட்டுக்கு அம்புக்குறி மாவிலியை நோக்கியே இருக்க வேண்டும்; விஷம் மேடேறிப் போகாது. நெடுவயலை நோக்கி அம்பு உண்டு, ஆனால் கலுங்கு காய்ந்து கிடக்கும்வரை அதில் சொட்டுத் தண்ணீர் போகாது. இருபக்கமும் போகிற கோடு வேலாங்குடியுடையது ஒன்றுதான். அங்கே மோட்டார் ஓடினால் குழாய் வழியாக மாவிலித் தண்ணீரை இழுத்துவிடும். அமுதவல்லி இதை ஜீப்பில் ஏறும் முன்பே புரிந்துகொண்டாள்; ஆனாலும் வழியெல்லாம் அழுதாள். நாலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சுவிட்சை அணைத்தாள். நெடுவயலுக்குப் போய்ச் சேர ஐந்தரை ஆகிவிட்டது. விஷயம் தெரியாத அக்கா, அப்போதுதான் குழாயில் பிடித்த தண்ணீரைச் செம்போடு நீட்டினாள். அமுதவல்லி வாங்கி, முழுவதையும் குடித்தாள்.