எந்த வளைவு

"இந்தப் பாதையை மூடு," என்றார் ஞானாபரணம்.

ஆசான் தலையை நிமிர்த்தவில்லை. வாளித் தண்ணீரில் சைக்கிள் டியூபை முக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காதுல விழுந்ததா?"

"விழுந்தது தோழர். உட்காருங்க."

"உட்கார வரல்ல."

அவர் உட்கார என்று போனதெல்லாம் நடுரோட்டுக்குத்தான். அந்த வட்டாரத்தில் அவர் மறிக்காத ரோடு கிடையாது. தண்ணீருக்கு மறித்தார். கூலிக்கு மறித்தார். மலையை உடைத்து அள்ளிக்கொண்டுபோன லாரிகளை மறித்தார். முதல் இரண்டிலும் கேட்டதில் பாதி கிடைத்தது. மூன்றாவதில் அடிதான் கிடைத்தது. கூட நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மலை போயிற்று. மலையைக் கொண்டுபோன பாதை மட்டும் மிச்சம் கிடந்தது.

அந்தப் பாதையில்தான் இப்போது சைக்கிள்கள் ஓடின.

ஆற்றுப் பள்ளத்தாக்கில் தொடங்கும். உடைந்த மலையின் விளிம்பில் ஏறும். கடலுக்கு நேர்மேலே நிற்கும் செம்பாறையைச் சுற்றிக்கொண்டு, முந்திரி காய்க்கும் கொல்லாமரத் தோப்பு வழியாக, ஆறு கடலில் கலக்கும் பொழிமுகத்தில் இறங்கும். தார் கிடையாது, முழுக்கச் சரள். அகலமான டயர் போட்ட சைக்கிள்தான் தாங்கும்.

அந்த வழியைக் கோத்து, திருப்பத்துக்குத் திருப்பம் மஞ்சள் அம்பு வரைந்து, வருகிறவர்களுக்கு ஓட்டப் பழக்கியவள் பெனிட்டா. அந்தப் பக்கத்தில் சிலம்பம் பழக்குகிறவரை ஆசான் என்பார்கள். பையன்கள் கேலிக்காக அவளையும் அப்படிக் கூப்பிட்டார்கள். கேலி போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

அவளுக்கு ஞானாபரணத்தின் வயதில் பாதிதான் இருக்கும்.

அவளிடம் பழகியவர்களில் ஒருவன் சமரன், ஞானாபரணத்தின் ஒரே மகன். போன மழைக்கு முன்னால் இந்தப் பாதையில் விழுந்து செத்துப்போனான்.

"அன்னைக்கு அவன்கூட இருந்தது நீ ஒருத்திதான்," என்றார் ஞானாபரணம். "எந்த இடம்னு காட்டு. அங்கே கறுப்புக்கொடி நடுவேன். பாறாங்கல்லை உருட்டிப் போடுவேன். பிறகு ஒரு சைக்கிள் தாண்டட்டும், பார்க்கேன்."

"போலீஸ்ல கேட்டீங்களா?"

"கேட்டேன். 'சரள் பாதை, விபத்து'ன்னு எழுதி மூடிட்டான். எனக்க பேரைப் பார்த்ததும் அதுக்கு மேல பேனாவுல மை இறங்கல்ல."

ஆசான் டியூபைத் துடைத்தாள்.

"யாருக்க தப்பு? அதைச் சொல்லு."

அதுதான் அவரை அரித்தது. எத்தனையோ பிணங்களுக்கு முன்னால் நின்று அவர் பேசியிருக்கிறார். தடியடியில் செத்தவன், வெடிவைத்த கல் பறந்து வந்து செத்தவன், லாரிச் சக்கரத்தில் செத்தவள். ஒவ்வொரு சாவுக்கும் அவரிடம் ஓர் எதிரியின் பெயர் இருந்தது. அந்தப் பெயரைத் துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் போட்டுத்தான் அழுகையை அடக்கியிருக்கிறார். சொந்த மகனுக்கு மட்டும் அச்சடிக்க ஒரு பெயர் அகப்படவில்லை.

ஆசான் குனிந்து, வாசலில் கிடந்த சரளில் ஒரு பிடி அள்ளினாள். அவர் கையை விரித்து அதில் கொட்டினாள்.

"இதுல எந்தக் கல்லுன்னு நீங்க சொல்லுங்க."

ஞானாபரணம் அதை வீசி எறிந்தார். வாளியில் பட்டுத் தகரம் அலறியது.

"எனக்கிட்ட சித்து விளையாட்டு வேண்டாம், பிள்ளே. உன்னைப் போல எத்தனையோ சாமியாருக்க மேடையைக் கலைச்சவன் நான்."

"சரி. இடத்தைக் காட்டுகேன். சைக்கிள்ல வாங்க."

"நடந்து வாரேன்."

"நடந்தா தெரியாது."

"காட்டினா மூடுவியா?"

"முழுசும் ஓட்டி முடிச்ச பிறகும் மூடுன்னு நீங்க சொன்னா மூடுகேன். அம்பையெல்லாம் அழிச்சிருவேன். வேற தொழில் பார்த்துக்கிடுவேன்."

அவள் ஒரு சைக்கிளை வெளியே உருட்டிக்கொண்டு வந்தாள். அவர் அதை உற்றுப் பார்த்தார்.

"அவனுக்கதா?"

"இல்ல. அது இன்னும் ஸ்டேஷன்ல துருப்பிடிச்சுக் கிடக்கு."

சைக்கிள் அவருக்குப் புதிதல்ல. பாதி வாழ்க்கையை, பின்னால் துண்டறிக்கைக் கட்டோடு மிதித்தே தீர்த்தவர். ஆனால் அது கனத்த சைக்கிள், தார் ரோடு. இங்கே சக்கரத்துக்கு அடியில் தரையே உருண்டது. முதல் ஏற்றத்திலேயே இரண்டு தடவை காலை ஊன்றினார்.

"கைப்பிடியை நெரிக்காதீங்க," என்றாள் ஆசான். "கல்லையும் பார்க்காதீங்க. போகவேண்டிய இடத்தைப் பாருங்க."

"இந்தக் கல்லுக்காகத்தான் மண்டை உடைபட்டோம். பார்க்காம எப்படிப் போக?"

அவள் சிரித்துவிட்டு முன்னால் போனாள்.

ஆறு கீழே ஒடுங்கிக்கொண்டே வந்தது. மலை இருந்த இடத்தில் ஒரு பெரிய குழி, குழி நிறையப் பச்சைத் தண்ணீர். பாதை அதன் விளிம்பை ஒட்டி ஓடியது. ஞானாபரணம் வேகத்தைக் குறைத்தார்.

"இதுவா?"

ஆசான் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

மழை அரித்த ஓடை ஒன்று பாதையைக் குறுக்கே அறுத்திருந்தது. கூரான கற்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இங்கேயா?"

"சைக்கிளைத் தூக்குங்க. தாண்டிப் பிறகு ஏறிக்கிடலாம்."

செம்பாறைக்கு வந்ததும் அவர் கேட்கவில்லை. இறங்கினார். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு விளிம்புவரை போனார்.

கீழே, வெகு கீழே, கடல் பாறையில் மோதி வெள்ளையாக உடைந்தது. மகன் போன நாளிலிருந்து கண்ணை மூடினால் அவர் பார்ப்பது இதைத்தான். சக்கரம் விளிம்பைத் தாண்டும். பையன் கையை விரித்தபடி போவான். "அப்பா" என்பான். இத்தனைக்கும் செத்த அவன் உடம்பில் கடல்நீரின் ஈரம்கூட இல்லை. தலையில் மட்டும் ஒரு காயம். அது அவருக்கும் தெரியும். கண்ணை மூடினால் மறந்துவிடும்.

"எனக்கு அவன் சண்டைக்காரன் ஆகணும்னு ஆசை. பேரே அப்படித்தான் வச்சேன்," என்றார் கடலைப் பார்த்தபடி. "'காசுள்ளவனுக்குப் பொழுதுபோகல்லன்னா சைக்கிள், உனக்கு எதுக்குலே'ன்னு கேட்டேன். 'நீங்க அடிபட்ட பாதைதானேப்பா, சும்மா கிடக்க விடலாமா'ன்னு சொன்னான்."

ஆசான் தண்ணீர்க் குப்பியை நீட்டினாள்.

"இதுதானே இடம்? சொல்லிரு."

"குடிங்க. இன்னும் இறக்கம் இருக்கு."

"பெனிட்டா!"

"இறக்கத்துல ரெண்டு கையும் கைப்பிடியில இருக்கணும் தோழர். என்ன வந்தாலும் எடுக்கப்படாது."

பாறையைத் தாண்டியதும் பாதை தோப்புக்குள் சரிந்தது. கொல்லாமர நிழல், காய்ந்த சருகு, பழத்தின் புளித்த மணம். மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஞானாபரணம் கல்லைப் பார்க்க நினைப்பதற்குள் கல் பின்னால் போய்விட்டது. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்பியது. கைகள் தாமாகவே கொஞ்சம் தளர்ந்தன.

ஒரு வளைவில் நூறுநாள் வேலைப் பெண்கள் புதர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டீ, வழி விடுங்க! யாரோ தாத்தா பறந்து வாராரு!"

"தாத்தாவா? நம்ம ஞானாபரணம் தோழருட்டீ!"

"எங்க தோழரே, மறியலுக்கா? இப்படிப் போனா மறியல் பண்ணுறவனை நீரே இடிச்சுப்போடுவீரு!"

பெண்கள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். அதில் ஒருத்தி, பழைய ஊர்வலக்காரி, தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் காலத்துக் குரலில் எடுத்தாள்.

"தோழர் ஞானாபரணம்!"

"வாழ்க!" என்றார்கள் மற்றவர்கள்.

அந்தச் சத்தம் கேட்டால் அவர் வலது கை அவரைக் கேட்டுக்கொண்டு எழும்புவதில்லை. ஜெயில் வேனுக்குள் விலங்கோடும் எழும்பியிருக்கிறது. இப்போதும் கைப்பிடியை விட்டுவிட்டு, முஷ்டியை மடக்கிக்கொண்டு, தலைக்கு மேலே போய் நின்றது.

சைக்கிள் உதறியது. பாதையை விட்டது. சருகுக்குள் பாய்ந்து, அவர் தோள் ஒரு மரத்தில் உரச, எப்படியோ மறுபடி சரளுக்கே வந்து சேர்ந்தது. கை இன்னும் மேலேதான் இருந்தது.

ஞானாபரணம் சிரித்தார்.

வயிற்றிலிருந்து கிளம்பிய வெடிச்சிரிப்பு. மகனைப் புதைத்த பிறகு யாரும் கேட்காத சத்தம். அவருக்கே அது வேறு ஆளின் சத்தம்போல் இருந்தது.

"பல்லு இருக்குட்டீ தோழருக்கு!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

சிரித்துக்கொண்டே இறங்கினார். பின்னால் ஆசானின் சைக்கிள் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை. அப்புறம் வந்து சேர்ந்துகொண்டது.

தோப்பு முடிந்தது. பாதை மணலில் கரைந்தது. எதிரே பொழிமுகம், ஆறு ஒரு சத்தமும் இல்லாமல் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள் தானாகவே நின்றது.

அவர் மூச்சு வாங்கினார். முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"பாதை முடிஞ்சு போச்சு."

"ஆமா தோழர்."

"இடத்தைக் காட்டல்லியே."

"கடந்து வந்தாச்சு."

சிரிப்பு உதிர்ந்துவிட்டது.

"ஏமாத்தப் பார்க்கியா? குழிக்கரையா?"

"இல்ல."

"ஓடையா? அந்தக் கூர்க்கல்லா?"

"இல்ல."

"அப்போ செம்பாறைதான். எனக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் பார்க்கேன். செம்பாறைதானே?"

"அங்கே அவன் நின்னு தண்ணி குடிச்சான். அவ்வளவுதான்."

"பிறகு எங்கே? ஆபத்தான இடம் வேற ஒண்ணும் இல்லியே! யாரை ஏமாத்துக? எனக்க பிள்ளை எங்கே விழுந்தான்? சொல்லு!"

அவர் குரல் தண்ணீரின்மேல் போய்த் திரும்பி வந்தது. ஆசானின் கண் நிறைந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

"நீங்க சிரிச்சீங்களே தோழர்," என்றாள். "அந்த வளைவு."

ஞானாபரணம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.