மைக்செட்டிடம் சொன்ன ரகசியம்

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. பள்ளிகளில் மனநலம் பற்றியும் போதைப் பழக்கம் பற்றியும் வகுப்பெடுக்கும் வேலையில் எனக்கு முன்னால் இருந்தவர் மார்கிரெட் அக்கா. லிங்கதுரை அவரிடம் சொன்னான், அவர் என்னிடம் சொன்னார். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஊர். அந்த ஊர்ப் பையன்கள் கபடிக் களத்துக்குள் இறங்குமுன் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைப்பார்கள். அந்த மண்ணைத் தொட்டுக் கொடுத்த வாக்கை மீறினால் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு லிங்கதுரை அப்படி ஒரு வருடம் வெளியே நின்றவன். எதிரணிக்காரன் வாங்கிக் கொடுத்த பரோட்டாவுக்கு மயங்கி, தன் அணியின் திட்டம் முழுவதையும் ஒப்பித்துவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் மைக்செட். கெஞ்சிக் கூத்தாடி இப்போதுதான் மறுபடி உள்ளே வந்திருந்தான்.

அணியின் பலமே சுடலைமணிதான். மூச்சு விடாமல் பாடிப் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புவான். மாவட்டத் தேர்வில் அவனை எடுத்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் நிச்சயம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

ஒருநாள் வகுப்பில் மார்கிரெட் அக்கா கேட்டார். "உங்க கூட்டாளி ஒருத்தன், 'எனக்கு வாழவே பிடிக்கல, யார்ட்டயும் சொல்லிராத'ன்னு சொன்னா என்ன செய்வீங்க?"

"பெரியவங்கட்ட சொல்லணும் மிஸ்!" வாய்ப்பாடு மாதிரி எல்லோரும் கத்தினார்கள்.

"அதுக்கு எங்க மைக்செட்டு போதும் மிஸ். அவன்ட்ட சொன்னா பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் போயிரும்," என்றான் இசக்கிராஜா.

வகுப்பே சிரித்தது. சுடலைமணி சிரிக்கவில்லை. திரும்பி லிங்கதுரையைப் பார்த்தான்.

அடுத்த சில நாட்களில் சுடலைமணி முதலில் தன் அணிக் கூட்டாளி ராபினைத் தனியே கூப்பிட்டு, மண்ணைத் தொடச் சொல்லி, ஒரு விஷயத்தைச் சொன்னான். ராபின் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நிழல் மாதிரி அவன் கூடவே திரிந்தான். குளிக்கப் போனாலும் கூடப் போனான். பிறகு சுடலைமணி இசக்கிராஜாவையும் மண்ணைத் தொடச் சொல்லி அதையே சொன்னான். இசக்கிராஜாவும் வாயைத் திறக்கவில்லை. சுடலைமணியின் பையில் இருந்த மாத்திரைகளை எடுத்துக் கிணற்றில் போட்டுவிட்டான். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருவரும் நினைத்தார்கள்.

ஒரு சாயங்காலம் பாடிப் போன சுடலைமணிக்குப் பாதியிலேயே மூச்சு அறுந்தது. கை நடுங்கியது. ஆட்டம் முடிந்ததும் லிங்கதுரையைக் களத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனான்.

"மண்ணத் தொடு மக்கா. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

என்ன விஷயம் என்று கேட்கும் முன்பே லிங்கதுரை தொட்டுவிட்டான். நம்மையும் ஒருவன் நம்புகிறானே என்ற சந்தோஷம்.

"கால் அடிபட்டப்ப குடுத்த மாத்திரைய இன்னும் விட முடியலல. அதப் போட்டாத்தான் தலைக்குள்ள இருக்க சத்தம் அடங்குது. தூங்கினா திரும்ப எந்திரிக்கவே வேண்டாம்னு இருக்கு."

வீட்டில் லிங்கதுரைக்குச் சோறு இறங்கவில்லை. "என்னல, மைக்செட்டுக்குக் கரண்டு போயிட்டா?" என்று அம்மா கேட்டாள். அவனுக்கு அழுகை வந்தது. இந்த ஒரு சொல்லைக் காப்பாற்றினால் அந்தப் பெயர் போய்விடும். காப்பாற்றினால் சுடலைமணி இருப்பானா? சொன்னால் தேர்வு போகும், கல்லூரி போகும், கூட்டாளி முகத்தில் முழிக்க முடியாது. விடியும் வரை புரண்டான்.

காலையில் பள்ளி வாசலில் மார்கிரெட் அக்காவை மறித்தான். "மிஸ், ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாது. ஆனா சொல்லணும்."

அக்கா முதலில் கேட்டது இதைத்தான்: "இப்ப அவன் கூட யாரு இருக்கா?"

"ராபின் இருக்கான் மிஸ்."

சுடலைமணியின் அம்மாவை அழைத்துக்கொண்டு எல்லோருமாக அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். விஷயம் கேட்டு இசக்கிராஜாவும் ஓடிவந்தான். அங்கே வராந்தாவில்தான் மூன்று கூட்டாளிகளும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். "ஒனக்குமால தெரியும்?"

சுடலைமணியை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாவட்டத் தேர்வு அவன் இல்லாமலே நடந்தது. வீடு திரும்பியவன் லிங்கதுரையிடம், "மண்ணத் தொட்டியேல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். லிங்கதுரை அணியின் பனியனைக் கழற்றிக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு, தானாகவே கோட்டுக்கு வெளியே போய் நின்றான்.

இப்போது சொல்லுங்கள். ஒருவன் வாக்கைக் காத்துக் கூடவே இருந்தான். ஒருவன் வாக்கைக் காத்து மாத்திரையை எறிந்தான். ஒருவன் வாக்கை உடைத்தான். இந்த மூவரில் சுடலைமணி கேட்டதைச் செய்தவன் யார்?

விடை: லிங்கதுரை. ராபினின் துணை வீண் இல்லை. உதவி வரும்வரை சுடலைமணியைத் தாங்கியது அதுதான். ஆனால் அவன் கண்ணயர்ந்துவிட்டால் அடுத்து யாரும் இல்லை. இசக்கிராஜா செய்ததும் அன்பால்தான். ஆனால் பழகிப்போன மாத்திரையை மருத்துவர் துணையில்லாமல் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அந்த நடுக்கம் அதனால் வந்தது. ஒரு ரகசியம் மறைந்தே இருக்க வேண்டும் என்று நினைப்பவன் அதை மூன்று பேரிடம் சொல்ல மாட்டான். இரண்டு பேர் வாயை மூடிக்கொண்ட பிறகு, ஊரே ஓட்டைவாய் என்று சிரிக்கும் ஒருவனைத் தேடிப் போக மாட்டான்.

இந்த விடை சரிதானா என்று எனக்குப் பல நாள் பயமாகவே இருந்தது. நான் போகிற பள்ளிகளில் பாதிப் பிள்ளைகள் ராபின் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதனால் போன மாதம் சுடலைமணியையே தேடிப் போய்க் கேட்டேன். இன்னும் சிகிச்சையில்தான் இருக்கிறான். சின்னப் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறான். மண்ணைக் காலால் கிளறிக்கொண்டே, "அவன் வாயில எதுவும் நிக்காதுன்னு எனக்குத் தெரியும்லா மிஸ்," என்றான்.

இதை லிங்கதுரையிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன்.

"சொன்னேன் மிஸ். பொழுது சாயுறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிட்டு."