அரக்கு வைத்த டியூபா

மூங்கில்பாறைக் காட்டில் விலங்குகளின் பேண்டு ஒன்று இருந்தது. குரங்குகள் முரசு அடிக்கும். கீரிகளும் அணில்களும் சின்னக் குழல்களை ஊதும். கீழ்ச்சுருதிக்கு இரண்டே பேர்தான். ஒருவன் வெண்காலன் என்ற காட்டெருமை. அவன் தோளைச் சுற்றிக் கிடக்கும் டியூபாதான் பேண்டிலேயே பெரிய பித்தளை வாத்தியம். இன்னொருவன் சடையன் என்ற கரடி. அவன் ஊதியது ட்ரம்போன். கையால் குழாயை நீட்டியும் சுருக்கியும் ஊதுகிற வாத்தியம் அது.

இருவரும் நல்ல சிநேகிதர்கள். பேண்டு நடக்கும்போது தோளோடு தோள் உரசித்தான் நடப்பார்கள்.

பேண்டு வாத்தியார் ஓர் இருவாச்சிப் பறவை. தினமும் காலையில் எல்லோரையும் குகைக்குள் கூட்டி, தன் சின்ன ஊதலால் ஒரு சுரம் கொடுப்பார். அந்தச் சுரத்தோடு ஒவ்வொருவரும் தங்கள் வாத்தியத்தைச் சேர்க்க வேண்டும். குகையோ எப்போதும் குளிர்ந்து கிடக்கும். சில்லிட்ட டியூபாவில் சுருதி கொஞ்சம் இறங்கித்தான் வரும்.

"ஏத்து, இன்னும் ஏத்து" என்பார் வாத்தியார்.

டியூபாவின் நடுவே சுருதிக்கென்று ஒரு சிறு குழாய் உண்டு. உள்ளே தள்ளினால் சுருதி ஏறும். வெளியே இழுத்தால் இறங்கும். வெண்காலன் உள்ளே தள்ளுவான். சுருதி சேர்ந்துவிடும்.

அதன் பிறகு எல்லோரும் வெளியே வந்து வெயிலில் அணிவகுத்து நடப்பார்கள். சின்னக் குழல்களை ஊதுகிறவர்களின் மூச்சே அவற்றைக் கதகதப்பாக வைத்திருக்கும். அதனால் குகைக்கும் வெயிலுக்கும் அவற்றில் பெரிய வித்தியாசம் தெரியாது. டியூபா அப்படியில்லை. அத்தனை பித்தளையும் வெயிலில் காயும். உள்ளே இருக்கும் காற்று சூடாகும். சுருதி தானாக ஏறிக்கொண்டே போகும்.

முதல் தடவை அப்படி ஏறியபோது வெண்காலன் சிறு குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சரி செய்தான். வாத்தியார் அதைப் பார்த்துவிட்டார். நான் கொடுத்த சுருதியை மாற்ற நீ யார் என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். மறுநாள் குகையில் சுருதி சேர்ந்தவுடனே அந்தக் குழாயின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்துவிட்டார். குழாய் இனி அசையாது.

வெண்காலன் மரியாதையாகக் கேட்டுப் பார்த்தான். சுரத்தை வெளியே பாறை மேல் வைத்துக் கொடுங்கள், எங்கே ஊதப் போகிறோமோ அங்கேயே சேர்த்துக்கொள்கிறேன் என்றான். பன்னிரண்டு வருடமாகக் குகையில்தான் கொடுக்கிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை என்றார் வாத்தியார். உதட்டைத் தளர்த்தி ஊதி இறக்கிக்கொள் என்றார். அவனும் உதடு வீங்கும்வரை அப்படி ஊதினான். சத்தம் சோர்ந்து விழுந்ததே தவிர சுருதி இறங்கவில்லை. ஒரு நாள் டியூபா முழுக்க ஈரச்சேற்றைப் பூசிக்கொண்டு வந்தான். அந்தச் சேறாவது குளிர வைக்காதா என்று பார்த்தான். வாத்தியத்தை அவமதிக்கிறான் என்று அவனை ஒற்றைக்காலில் நிற்க வைத்தார்கள்.

இத்தனையையும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் சடையன். வெயிலில் அவனுடைய ட்ரம்போனும் ஏறத்தான் செய்தது. ஆனால் அவன் கையில்தானே குழாய் இருக்கிறது? ஒன்றரை விரற்கடை கூடுதலாக நீட்டினான். சரியாகிவிட்டது. நடக்கிற நடையில் அதை யாரும் கவனிக்கவில்லை. அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

கோடை வந்தது. மேட்டுக் குட்டை வற்றியது. வழக்கம்போலக் காடே ஊர்வலமாக ஆற்றங்கரைக்குக் கிளம்பத் தயாரானது. பேண்டுக்காரர்களும் அவர்கள் குடும்பமும் முன்னால் போகலாம். தெளிந்த தண்ணீரை முதலில் குடிக்கலாம். அது அவர்களுக்கு உள்ள மரியாதை. ஊர்வலத்துக்குத் தலைவி வயதான பெண்யானை. அவளைக் காட்டில் எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று பெரியம்மாவின் கூட்டம் வந்து சேரத் தாமதமாயிற்று. பேண்டு உச்சிவெயிலில் மொட்டைப் பாறையில் நின்றது. டியூபாவில் மூக்கு பட்டால் சுட்டது. கடைசியில் யானைகள் வந்தன. வாத்தியார் தலையசைத்தார். வெண்காலன் ஊதினான்.

கேட்கச் சகிக்கவில்லை. யானைக்குட்டி மிரண்டு தாயின் காலுக்குள் ஓடியது. குரங்குகள் முரசை விட்டுவிட்டுச் சிரித்தன.

"இவன் செவிடு. இன்றோடு இவனுக்குப் பேண்டில் இடமில்லை. குடும்பத்தோடு ஊர்வலத்தின் வாலில் போய் நடக்கட்டும்" என்றார் வாத்தியார்.

வெண்காலன் டியூபாவைத் தூக்கிக் காட்டினான். "இந்த அரக்கைப் பாருங்கள். வாத்தியார் எதைப் பூட்டி வைத்தாரோ அதைத்தான் ஊதினேன். வெயிலில் பெரிய குழல் எல்லாமே ஏறும்" என்றான். அவன் சடையன் பக்கம் திரும்பினான்.

"சடையா, நீ சொல்லுடா. உன்னுடையதும் ஏறுதுதானே?"

சடையன் தரையைப் பார்த்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். வாத்தியாரும் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலப்பா" என்றான்.

வெண்காலன் டியூபாவைக் கழற்றிக் கீழே வைத்தான். மனைவியையும் இரண்டு கன்றுகளையும் கூட்டிக்கொண்டு ஊர்வலத்தின் கடைசிக்குப் போனான். முன்னால் போன அத்தனை காலும் கிளப்பிய புழுதியை அந்தக் கன்றுகள் தின்றன. ஆற்றுக்குப் போனபோது தண்ணீர் கலங்கிச் சேறாகிக் கிடந்தது. அதைத்தான் குடித்தன.

ஆற்றங்கரையில் மறுநாள் வாத்தியார் டியூபாவைத் தூக்கிச் சடையனிடம் கொடுத்தார். ஒழுங்காக இருப்பவனுக்குப் பெரிய வாத்தியம் என்றார். சடையனுக்குத் தலைகால் புரியவில்லை. காலை நிழலில் ஊதினான். எல்லோரும் பாராட்டினார்கள். வெயில் ஏறியது. டியூபாவும் ஏறியது. சடையனின் கை பழக்கத்தில் குழாயை நீட்டப் போனது. நீட்ட ஏது குழாய்? அரக்கு கல்லாக இறுகி இருந்தது.

ஊதுகிறவன் மாறியும் அதே அபசுரம்தான். அப்போதாவது வாத்தியாருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை.

"பெரிய உடம்புக்காரர்களுக்கெல்லாம் காது கிடையாது" என்றார் அவர்.

கரையோரம் நின்ற பெரியம்மாவின் காதில் அது விழுந்தது. அவள் மெதுவாக நடந்து வந்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். வாத்தியார் பேச ஆரம்பித்தார். அவள் தும்பிக்கையைத் தூக்கி அவரை நிறுத்திவிட்டு, வெண்காலனை அழைத்துவரச் சொன்னாள்.

வெண்காலன் வந்தான். சடையன் ஓடிப்போய் அவன் காதில், நீ சொன்னால் பெரியம்மா கேட்பாள், எனக்காகப் பேசு என்று கெஞ்சினான்.

"நான் சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லிட்டேன். இன்றைக்கு நீ பேசு. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசு" என்றான் வெண்காலன்.

சடையனுக்கு வேறு வழியில்லை. தன் பழைய ட்ரம்போனை எடுத்து, குகையில் எங்கே குழாயை நிறுத்துவான், வெயிலில் எங்கே நிறுத்துவான் என்று நீட்டிக் காட்டினான். ஒன்றரை விரற்கடை. முதல் நாளிலிருந்தே தனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டான்.

பெரியம்மா டியூபாவை ஆற்றுத் தண்ணீரில் அமுக்கிக் குளிர வைத்து, வெண்காலனை ஊதச் சொன்னாள். வாத்தியாரின் ஊதலோடு அது அப்படியே சேர்ந்தது. பிறகு சுடுமணலில் கிடத்தி, காய்ந்த பிறகு ஊதச் சொன்னாள். யானைக்குட்டி மறுபடியும் மிரண்டு ஓடியது. சிரிக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பெரியம்மா தும்பிக்கையில் ஒரு கூர்கல்லைப் பிடித்து அரக்கைச் சுரண்டி எடுத்தாள். இனிச் சுரம் கொடுப்பது வெட்டவெளியில், பேண்டு ஊதும் இடத்தில் என்று உத்தரவு போட்டாள். வாத்தியார் மூன்று கோடைக்கு ஊர்வலத்தின் வாலில் நடக்க வேண்டும் என்றாள். வெண்காலனின் குடும்பத்துக்கு முன்வரிசை திரும்பக் கிடைத்தது. கன்றுகள் தெளிந்த தண்ணீரை வயிறு நிறையக் குடித்தன.

சடையனுக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. பேண்டு மறுபடி அணிவகுத்தபோது அவன் பழையபடி வெண்காலன் பக்கத்தில் வந்து நின்றான். வெண்காலன் டியூபாவைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

"சுருதி சேர்ந்தால் போதும். தோள் சேர வேண்டாம். அந்தக் கோடிக்குப் போய் நில்லு" என்றான்.

சடையன் போய் நின்றான். அன்று முதல் கீழ்ச்சுருதி இரண்டு கோடியிலிருந்தும் வந்தது. ஒன்றாகச் சேர்ந்துதான் ஒலித்தது. ஆனால் ஊர்வலம் முடிந்ததும் அவர்கள் தனித்தனி வழியாகவே வீடு திரும்பினார்கள்.

குற்றமற்றவன் மேல் பழி விழும்போது, உண்மை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்பவனுக்கும் அந்த அநியாயத்தில் சரிபாதிப் பங்கு உண்டு.